அக்டோபர் மாதத்து உடம்பு

அக்டோபரில் ஹவாயின் கோனாவுக்கு வந்து இறங்கும் தொழில்முறை டிரையத்லான்காரர்களில் முழுத் தெம்போடு இருப்பவர் அநேகமாக யாரும் இல்லை. ஒருவருக்குக் கணுக்காலில் பட்டை, இன்னொருவருக்கு விட்டு விட்டு வரும் இருமல். வசந்தத்தில் தொடங்கி ஐரோப்பா, அமெரிக்கா என்று சைக்கிள் பெட்டியோடு அலைந்த உடம்புகள். ஆண்டின் மிகப் பெரிய போட்டி அவை நன்றாகத் தேய்ந்துபோன பிறகுதான் வருகிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அயர்ன்மேன் என்ற இந்தப் போட்டி 1978 பிப்ரவரியில் ஹவாயின் வைக்கீக்கி கடற்கரையில் 15 பேரோடு தொடங்கியது. நீச்சல்காரர்கள், சைக்கிள்காரர்கள், ஓட்டக்காரர்கள் இவர்களில் யாருடைய உடம்பு உறுதியானது என்ற பேச்சில், ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி மூன்றையும் ஒரே நாளில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவுகட்டினார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் ஒரு முழு மாரத்தான். 1981-இல் போட்டி பெரிய தீவிலுள்ள கைலுவா-கோனாவுக்கு இடம் மாறியது. குளிர் நாட்டுக்காரர்கள் கோடையில் பயிற்சி செய்துவிட்டு வரட்டும் என்று 1982-இல் அதை அக்டோபருக்கும் தள்ளிவிட்டார்கள். பனியில் ஓட முடியாத அமெச்சூர்களுக்குக் காட்டிய சலுகை அது. இதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அதுவே சீசனின் கடைசிக் கட்டம் ஆகிப்போனது.

நான் போனது 2023-இல். கோனாவில் முதல் முறையாகப் பெண்களுக்கு மட்டும் என்று நடந்த உலகப் போட்டி அது. ஆண்களுக்கு ஒரு மாதம் முன்பே பிரான்ஸின் நீஸ் நகரத்தில் முடிந்திருந்தது. 1979-இல் லின் லெமேர் என்ற ஒரே ஒரு பெண் ஓடிய பந்தயத்தில் இப்போது 2,000-க்கும் அதிகமான பெண்கள். அவர்களில் தொழில்முறைக்காரர்கள் சிறு கூட்டம்தான். அந்தக் கூட்டத்திலும் விளம்பரப் பலகையில் முகம் வராத ஒருவரோடுதான் அந்த வாரத்தைக் கழித்தேன். மத்திய ஐரோப்பாக்காரர். பெயர் போட வேண்டாம் என்றார். ஸ்பான்சர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலமாம்.

உள்ளூர்க்காரர் ஒருவருடைய வீட்டின் பின்பக்க அறை அவருக்குக் கிடைத்திருந்தது. ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாத வீரர்களுக்கு இப்படி வீடு திறந்துவிடுவது டிரையத்லானில் வெகுநாள் பழக்கம். கூட அவருடைய அண்ணன். சொந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஆண்டுதோறும் அக்டோபரில் கடையை மூடிவிட்டுத் தங்கைக்கு மெக்கானிக்காக வந்துவிடுகிறார். சம்பளம் கிடையாது, டிக்கெட் மட்டும்.

கார் ஷெட்டில் அவர் செயினுக்கு மெழுகு ஏற்றுவதைப் பார்த்தேன். புதுச் செயினில் கம்பெனி தடவி அனுப்பும் கிரீஸை முதலில் எடுத்தாக வேண்டும். மூடியுள்ள ஜாடியில் கரைப்பானை ஊற்றி, செயினைப் போட்டுக் குலுக்கி, கறுத்த திரவத்தைக் கொட்டி, மறுபடி ஊற்றிக் குலுக்குகிறார். ஜாடி தெளிவாகத் தெரியும்வரை இதுதான் வேலை. செயின் நன்றாகக் காய்ந்ததும் கம்பியில் கோத்து, சிறிய மின்சாரச் சட்டியில் உருகிக் கிடக்கும் பாரஃபின் மெழுகுக்குள் இறக்குகிறார். உடனே ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்புகின்றன. உள்ளே அடைபட்டிருந்த காற்று அது. குமிழி நின்றால்தான் மெழுகு ஊசிக்கும் உருளைக்கும் நடுவே போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். அதுவரை அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே எடுத்துத் தொங்கவிட்டால், ஆறியதும் செயின் குச்சிபோல் விறைத்து நிற்கிறது. ஒரு குழாயின்மேல் வளைத்துக் கண்ணி கண்ணியாக உடைத்துவிடுகிறார். தரையெங்கும் வெள்ளைச் செதில்.

எண்ணெய் போட்டால் போதாதா என்று கேட்டேன். எண்ணெயில் தூசி ஒட்டும், தூசி உராயும், உராய்வு தங்கையின் காலைத் தின்னும் என்றார். எவ்வளவு மிச்சமாகும்? சில வாட்கள். 180 கிலோமீட்டரில் ஒரு நிமிடம் வரலாம், வராமலும் போகலாம். அந்த ஒரு நிமிடத்துக்கு ஒரு முழு மாலை. எனக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் வேறு எதுவும் தன் கையில் இல்லாத ஒருவர் வேறு என்ன செய்வார்?

சக்கரத்தைப் பற்றி அண்ணனுக்கும் தங்கைக்கும் தகராறு. கோனாவில் பின்சக்கரத்துக்கு மூடிய வட்டுச் சக்கரம் போட அனுமதியில்லை. மற்ற ஊர்ப் போட்டிகளில் போடலாம். காரணம் காற்று. வடக்கே ஹாவி என்ற சிற்றூர் வரை போய்த் திரும்பும் பாதையில் மலைச் சரிவிலிருந்து குறுக்காக இறங்கும் காற்றை உள்ளூரில் முமுகு என்கிறார்கள். சைக்கிளைச் சாலையின் அடுத்த ஓரத்துக்கே தள்ளிவிடும். அகலமான விளிம்புள்ள முன்சக்கரம் போட்டால் வேகம் என்பது அண்ணன் கட்சி. கைப்பிடியைப் பிடிக்கப்போவது நான்தானே என்பது தங்கை கட்சி. தங்கை ஜெயித்தார்.

சமையலறை மேடை முழுக்கப் பாட்டில்கள். வெயிலில் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொள்கிறார்; ஒரு கிலோ குறைந்தால் குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதை வைத்து உப்புக் கணக்கு. மணிக்கு 90 கிராம் சர்க்கரைச் சத்து, சில நாள் அதற்கும் மேல். இவ்வளவையும் ஓடிக்கொண்டே வாங்கிக்கொள்ள வயிற்றுக்கு மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். கால்கள் தயாராக இருந்தும் வயிறு கைவிட்டுத் தோற்றவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். செப்டம்பர் முழுக்க அவர் தன் ஊரில் குளியலறைக்குள் சைக்கிளை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மிதித்திருக்கிறார். கோனா வெயிலுக்கு உடம்பைப் பதமாக்கும் வழி அது. “பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். சத்தம் மட்டும்தானே அவர்களுக்குக் கேட்கும்.”

பணத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார். முதல் பரிசு 1,25,000 டாலர். பதினைந்தாவது இடம் வரைதான் பணம். பதினாறாவதாக வருபவருக்கும் கடைசியாக வருபவருக்கும் ஒரே தொகை: பூஜ்யம். கிடைக்கும் பரிசிலும் வெளிநாட்டவர் என்றால் அமெரிக்க வரியாக வழக்கமாக 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். விமான டிக்கெட், சைக்கிள் பெட்டிக்கான கூடுதல் கட்டணம், சாப்பாடு எல்லாம் கைக்காசு. மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை. ஸ்பான்சர்கள் தருவது இவருக்குப் பெரும்பாலும் பொருள்தான். பணம் முதல் பத்துக்குள் வந்தால்தான். ஒப்பந்தங்கள் டிசம்பர் 31-இல் முடிகின்றன. ஆகவே இவர்கள் களைத்து நிற்கும் அக்டோபர்தான் அடுத்த ஆண்டுக்கான நேர்முகத் தேர்வும்.

போட்டி நாளைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் எழுதிவிட்டார்கள். நான்கு முறை இரண்டாவதாக வந்திருந்த பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்லி அன்று கடலிலேயே முன்னேறி, கடைசிவரை விடாமல், 8 மணி 24 நிமிடம் 31 நொடியில் சாதனையோடு ஜெயித்தார். பின்னால் துரத்திய ஜெர்மனியின் அன்னே ஹாக் மாரத்தானை 2:48:23-இல் ஓடியும் எட்ட முடியவில்லை.

நான் நின்றது குயின் காஅஹுமனு நெடுஞ்சாலையில், எனர்ஜி லேப் என்ற ஆய்வு வளாகத்தின் பக்கம் திரும்பும் முனைக்கருகில். இருபுறமும் எரிமலைக் குழம்பு இறுகிக் கிடக்கிறது. உழுதுபோட்டுக் காய்ந்த கரிசல் நிலம்போலக் கட்டி கட்டியாக. நிழல் என்று எதுவுமே இல்லை. அந்த வளாகத்தில் 900 மீட்டர் வரையான ஆழத்திலிருந்து குளிர்ந்த கடல்நீரைக் குழாயில் ஏற்றுகிறார்கள். அதன் பக்கத்திலேயே ஓடுகிறவர்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள்.

தங்கை வருவதற்கு முன் அவருடைய சத்தம் வந்தது. தண்ணீர் நிலையங்களில் தலையில் ஊற்றியதெல்லாம் ஷூவுக்குள் இறங்கி, காலடிக்குக் காலடி சளக் சளக் என்றது. கறுப்பு உடையில் இடுப்பைச் சுற்றி உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் பனிக்கட்டி. முகத்தில் வலியை எதிர்பார்த்தேன். இருந்தது கணக்குப் பார்க்கும் முகம். அடுத்த நிலையத்தில் கோலாவா தண்ணீரா, இந்த வேகத்தை இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும், எதிரே திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர். கூட ஓடக் கூடாது, கையில் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. அண்ணன் சாலையோரத்தில் நின்றபடி ஒரே ஒரு சொல்லைக் கத்தினார். “குடி!”

இருபதாவது இடத்துக்கும் பின்னால்தான் முடித்தார். காசு இல்லை. முடிவுக் கோட்டுக்கு அப்பால் தன்னார்வலர்கள் இருவர் தோளில் தாங்கிக் கூட்டிப்போனார்கள். இரவில் ஃபோனில் மூன்று செய்திகள் அனுப்பியிருந்தார்: பயிற்சியாளருக்கு ஒன்று, இரண்டு ஸ்பான்சர்களுக்கு. “தோற்ற அன்றே எழுதிவிட வேண்டும். நாள் போகப் போக அவர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள்.”

மறுநாள் காலையில் படி இறங்க முடியாமல் பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார். அண்ணன் ஷெட்டில் சைக்கிளைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு பெண்களுக்கான போட்டி நீஸில். அங்கே மலை ஏற வேண்டும். இந்த முன்பல்சக்கரம் சரிப்படாது, சின்னதாகப் போட வேண்டும், பின்னால் பல் கூட்ட வேண்டும் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அதற்கு முதலில் இடம் கிடைக்க வேண்டும், அதற்காகவே மறுபடி எங்காவது ஒரு முழு அயர்ன்மேன் ஓடியாக வேண்டும் என்றார் தங்கை. நவம்பரில் ஓடிவிடலாமா, வசந்தம் வரை பொறுக்கலாமா என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். விமானத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.