சவாரித் திடலிலே ஒரு மாலைப்பொழுது

யாழ்ப்பாணத்தைக் காண வரும் அன்பர்கள் நல்லூர்க் கந்தன் கோயிலையும், கோட்டையையும், கீரிமலைக் கேணியையும் கண்டு திரும்புவது வழக்கம். ஆயின், இம்மண்ணின் உள்ளத்தை அறிய விரும்புவோர் மாட்டுவண்டிற் சவாரி ஒன்றையும் காணுதல் வேண்டும். தைப்பொங்கலை அடுத்தும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் குடாநாட்டிலும் வன்னியிலும் சவாரிகள் நடைபெறுவதுண்டு. சொந்தமாக மாடோ வண்டிலோ இல்லாத நாம், வேடிக்கை பார்ப்போராகவே வட்டுக்கோட்டைப் பக்கம் நடந்த சவாரி ஒன்றுக்குச் சென்றிருந்தோம்.

பனைகள் சூழ்ந்த நீண்ட வெளி. இருமருங்கும் குடைகளும் தலைகளும் நிறைந்திருந்தன. கச்சான் விற்போரும் ஐஸ்பழம் விற்போரும் கூட்டத்தினூடே வழி தேடினர். ஓரமாக நிறுத்தியிருந்த உழவு இயந்திரங்களின் மேல் இளைஞர்கள் ஏறி நின்றனர். மாட்டின் தொழிலைப் பறித்த இயந்திரமே மாட்டின் ஓட்டத்தைக் காண மேடையாகியிருந்தது!

கொடி அசைந்தது. சோடி மாடுகள் பூட்டிய இரண்டு வண்டில்கள் ஒருங்கே புறப்பட்டன. புழுதி எழுந்தது, சில்லுகள் அதிர்ந்தன, திமில்கள் குலுங்கின. ‘விடாதே, விடாதே’ என்ற ஆரவாரம் அடங்கு முன்னரே வண்டில்கள் எல்லையைக் கடந்துவிட்டன. பல மாத உழைப்பின் பயன் ஒரு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

அவ்வுழைப்பைக் காணத் திடலின் பின்புறம் செல்ல வேண்டும். நிழலிற் கட்டியிருந்த மாடுகளை உரியவர்கள் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தனர். பருத்திக்கொட்டையும் எள்ளுப் புண்ணாக்கும் ஊட்டி, நாள்தோறும் நடத்திப் பழக்கி, பிள்ளையைப் போல் வளர்ப்பதாக முதியவர் ஒருவர் கூறினார். நல்ல மாட்டை அறிய முதலிற் காலைப் பார்க்க வேண்டும் என்றும் எமக்குச் சொல்லித் தந்தார்.

ஒருகாலத்தில் இவ்வினம் வயலை உழுதது. சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளுக்கு விளைபொருளைச் சுமந்தது. எருவால் தோட்டத்தை வளமாக்கியது. ‘சிரித்திரன்’ சுந்தர் எனப் புகழ்பெற்ற சிவஞானசுந்தரம் தம் கேலிச்சித்திர நாயகனுக்குச் ‘சவாரித் தம்பர்’ என்று பெயரிட்டமை, இவ்விளையாட்டு மக்கள் மனத்தில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். பின்னர் உழவு இயந்திரம் வந்தது. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர், மக்களையும் கால்நடைகளையும் இடம்பெயரச் செய்தது. இன்று உழவும் சுமையும் பெரும்பாலும் இயந்திரத்தின் பொறுப்பு. காளையை வளர்ப்பதற்குச் சவாரியே பலருக்கு எஞ்சியிருக்கும் காரணம்.

எனினும் நாம் கண்ட யாவும் இன்பமன்று. ஓடி முடித்த சில மாடுகளின் பின்புறத்தில் கம்பின் தழும்புகள் சிவந்திருந்தன. விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது; தமிழ்நாடு 2017இல் சட்டத்தைத் திருத்தியது; அத்திருத்தம் 2023இல் அதே நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. மரபு பெரிதா, வாயில்லாச் சீவனின் நோவு பெரிதா என்ற வழக்கு எம் திடலுக்கும் உரியதே.

தென்னமெரிக்க மலைநாடான பெருவிலே வளர்வது அல்பாக்கா என்னும் உரோம விலங்கு. அதற்கென மேல்நாடுகளில் காட்சிகள் நடத்துவர். அங்கே நடுவர் உரோமத்தை விரலால் விரித்து அதன் மென்மையைப் பார்ப்பர். பல்லையும் காலையும் சோதிப்பர். அதன் பின்னரே பரிசு. எம் சவாரியிலோ எல்லையை முதலிற் கடந்தது எது என்பது ஒன்றே கணக்கு. ஓட்டத்தின் முன்னும் பின்னும் மாட்டின் உடலைப் பார்த்து, காயம் கண்டவிடத்துப் பரிசை மறுக்கும் நடுவர் ஒருவர் இருப்பாராயின், கம்பு தானாகவே கீழே இறங்கும்.

சவாரியை நிறுத்திவிட்டாற் காளை வாழும் என்று எண்ணுவதும் பேதைமை. பயனற்ற மாட்டுக்குத் தீனியிட்டு வளர்ப்போர் எத்தனை பேர்? சவாரி வாழ வேண்டும்; மாடு நோகாமலும் வாழ வேண்டும். இதிற் பார்வையாளருக்கும் பங்குண்டு. குடும்பத்துடன் செல்லும் நேயர்கள், முதலில் வந்த வண்டிலுக்கு மட்டுமன்றி, தழும்பில்லாது வந்த வண்டிலுக்கும் உரக்கக் கைதட்டுவார்களாக.