நதி வழி நேபாளம் – 5: தலை கடைசியில் வரட்டும்

பொக்காராவில் கயாக் பழக வருகிறவர்களை எடுத்த எடுப்பில் ஆற்றில் இறக்கிவிடுவதில்லை. முதலில் பேவா ஏரி. வண்ண வண்ண டுங்காப் படகுகள் கட்டிக் கிடக்கும் துறையைத் தாண்டி, ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்த ஒரு மூலையில் எங்கள் வகுப்பு நடந்தது. தீவிலிருக்கும் தால் பராஹி கோயிலுக்கு ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். மழை ஓய்ந்த அக்டோபர். 6,993 மீட்டர் உயரமுள்ள மச்சபுச்ரே மேகமில்லாமல் நின்றது. அதை ரசிக்க எனக்கு நேரம் தரவில்லை. என் மகன் வயதுள்ள குருநாதர் படகின் விளிம்பைப் பிடித்து என்னைக் கவிழ்த்துவிட்டார்.

கவிழ்ந்த கயாக்கைத் துடுப்பாலும் இடுப்பாலும் நிமிர்த்தி, உட்கார்ந்தபடியே மேலே வருவதற்கு ரோல் என்று பெயர். ஆனால் முதல் பாடம் அதுவல்ல. படகை விட்டு வெளியேறுவது. உட்காரும் குழியைச் சுற்றி ஸ்ப்ரே ஸ்கர்ட்டை இழுத்து மாட்டிவிட்டால் இடுப்புக்குக் கீழே நாமும் படகும் ஒன்று. முட்டிகள் இரண்டும் மேல்தட்டின் அடியில் அழுந்தியிருக்கும். ஸ்கர்ட்டின் முன்னால் தொங்கும் வாரைப் பிடித்து இழுத்தால் அது கழன்றுகொள்ளும். பிறகு காற்சட்டையைக் கழற்றுவதுபோல் படகை உருவிவிட்டு வெளியே வந்துவிடலாம். சில விநாடி வேலைதான்.

அந்தச் சில விநாடிக்கும் குருநாதர் தடை போட்டார். கவிழ்ந்ததும் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, படகின் அடிப்பக்கத்தை மூன்று முறை தட்ட வேண்டும். பிறகு கைகளைப் படகை ஒட்டி முன்னும் பின்னுமாக மெல்ல ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உதவிக்கு வரும் படகின் முனை கையில் பட்டால் அதைப் பிடித்து எழலாம். அவர் அவசரப்படாமல்தான் வருவார். வேண்டுமென்றேதான் அப்படி வருகிறார் என்பது என் சந்தேகம். தண்ணீருக்கடியில் சும்மா இருக்கப் பழக்க வேறு வழியும் இல்லை.

நான் கொங்குப் பக்கத்துக் கிணறுகளில் நீச்சல் பழகியவன். மூச்சடக்குவது புதிதல்ல. ஆனால் கிணற்றில் முங்கினால் கால் நம் வசம் இருக்கும். உதைத்தால் மேலே வந்துவிடலாம். இங்கே கால் பூட்டப்பட்டிருக்கிறது. இடது வலது குழம்புகிறது, மேலே எது என்பதே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமாகிவிடுகிறது. அப்போது மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததால் வரும் முட்டல் அல்ல அது. பத்து விநாடியில் அது தீர்ந்துவிடாது. ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதை மூளை மோப்பம் பிடித்து நெஞ்சை உந்துகிறது. பயம் அந்த உந்துதலைப் பத்து மடங்காக்கிக் காட்டுகிறது.

குருநாதரிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு பாட்டை முனக வேண்டும். காற்று வெளியே வந்துகொண்டிருக்கும்வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. பாட்டு எவ்வளவு தூரம் போயிற்று என்பதை வைத்து நேரமும் தெரியும். நான் இளையராஜாவைப் பிடித்துக்கொண்டேன். ஆரம்பத்தில் பல்லவியின் முதல் வரிகூடத் தாண்டவில்லை. சரணம் வரை இருக்க முடிந்த பிறகுதான் துடுப்பைக் கையில் கொடுத்தார்.

வெதுவெதுப்பான ஏரியில் இதெல்லாம் விளையாட்டு. கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. சீல் தோல் மேலங்கியைப் படகின் விளிம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர்கள் அவர்கள். அந்தக் குளிரில் படகை விட்டு வெளியே வந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. அதனால் துடுப்பு போனால் ஈட்டி எறியும் கட்டையால், அதுவும் போனால் வெறுங்கையால் என்று விதவிதமாக எழப் பழகினார்கள். இன்றும் கிரீன்லாந்தில் நடக்கும் போட்டிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட ரோல் வகைகளைச் செய்துகாட்டுகிறார்கள். பாவ்லாட்டா என்ற ஆஸ்திரியர், அங்கே போய்வந்தவர்கள் எழுதியதைப் படித்தே 1927இல் தானாக ரோல் அடித்துவிட்டார். புத்தகத்தைப் பார்த்து இதைக் கற்றார் என்பது எனக்கு இப்போதும் நம்ப முடியாத சங்கதி. கிரீன்லாந்துக்காரர்களிடமே நேராகக் கற்ற ஆங்கிலேயர் ஜினோ வாட்கின்ஸ், 1932 ஆகஸ்டில் அங்கே தனியாக வேட்டைக்குப் போனார். அவர் படகு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. வயது 25.

ரோலுக்கு வருவோம். தலைகீழாக இருக்கும்போது உடம்பை முன்னால் மடக்கி, முகத்தை மேல்தட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆற்றில் பாறை முகத்தில் அடிக்காமலிருக்கவும் இதுதான் காப்பு. துடுப்பைப் படகின் பக்கவாட்டில் வைத்து, நீர்மட்டத்தை ஒட்டி வெளிப்பக்கமாக வீச வேண்டும். அது படகுக்குக் குறுக்காக வரும் நேரத்தில், மேலே வர வேண்டிய பக்கத்து முட்டியை உந்தி இடுப்பை வெட்டித் திருப்ப வேண்டும். படகு நிமிரும், பின்னாலேயே உடம்பு வரும், எல்லாவற்றுக்கும் கடைசியில் தலை.

சிக்கலே அந்தத் தலைதான். மூச்சுக்கு ஏங்கி அதுதான் முதலில் வெளியே வரப் பார்க்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அதன் கனத்தைத் தண்ணீர் தாங்குகிறது. வெளியே எடுத்த கணமே நாலைந்து கிலோ பாரம் துடுப்பின் மேல் இறங்கி, பாதி நிமிர்ந்த படகை மறுபடி கவிழ்த்துவிடுகிறது. “துடுப்பு நுனியையே பாருங்க சார்” என்றார் குருநாதர். கண் அங்கே இருந்தால் தலை தோளோடு சாய்ந்தே வரும். கைபலம் உள்ள இளைஞர்கள் துடுப்பை அழுத்தி அழுத்தி முறிக்கப் பார்த்தார்கள். எங்கள் குழுவில் முதலில் எழுந்தது ஓர் ஒல்லியான பள்ளி ஆசிரியை.

அங்கிருந்து தமௌலிக்குப் போய், மாடி ஆறு வந்து கலக்கும் இடத்தில் சேத்தி ஆற்றில் இறங்கினோம். இமயத்து ஆறுகளில் குளிர் குறைந்தது, நீர் சீறிப் பாயும் ராப்பிட்களும் நடுத்தரம். அதனால்தான் புதியவர்களை இங்கே கூட்டிவருகிறார்கள். ஆனால் ஏரி போல ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு ராப்பிட்டின் வாலில் பக்கவாட்டு அலை தட்டிக் கவிழ்ந்தேன். காதுக்குள் கூழாங்கல் உருளும் சத்தம், கண்ணெதிரே வெறும் வெண்குமிழ். வீசினேன், எழவில்லை. முன்னால் மடங்கி, துடுப்பைத் திரும்பவும் படகோடு சேர்த்து, பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்தேன். அலையின் நுரை தாண்டி நீர் கனத்து, துடுப்பில் பிடிமானம் தெரிந்தது. இடுப்பைத் திருப்பினேன்.

மேலே வந்து இருமி முடிப்பதற்குள் குருநாதர் பக்கத்தில் வந்துவிட்டார். பாராட்டுவார் என்று பார்த்தால், “பாறை வலப்பக்கம் இருந்தா என்ன செய்வீங்க சார்? மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இடப்பக்கம் பழகலாம்” என்றார்.