துண்டுத் தாளில் ஒரு பால்மரம்

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்கள் இருந்தன. மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்திலுள்ள செலண்டாரில், ஒரு வீட்டின் முன்னறையெங்கும் வண்ணத் தாள்கள் சிதறிக் கிடந்தன. சீனப் புத்தாண்டுக்கு வந்த சிவப்பு அங்பாவ் உறைகள், நோன்புப் பெருநாளுக்குக் கிடைத்த பச்சை உறைகள், பரிசுப் பொருளைச் சுற்றியிருந்த வெள்ளி நிறத் தாள், பழுப்பு நிறக் கடித உறை ஆகியவற்றுக்கு நடுவே, படிவம் இரண்டில் பயிலும் மாணவி ஒருத்தி கத்தரிக்கோலுடன் அமர்ந்திருந்தாள்.

பாட்டிக்கு வாழ்த்து அட்டை செய்ய வேண்டும் என்பது அவளது ஆசை. மற்ற உறவினர்களுக்குப் புலனத்தில் வாழ்த்து அனுப்பிவிடலாம். பாட்டிக்கு அது பயன்படாது. நீரிழிவு நோயால் அவரது பார்வை மிகவும் குன்றிவிட்டது. கண் தெரியாதவருக்கு அழகான படம் எதற்கு என்ற கேள்வி அவள் மனத்தை உறுத்தியது.

துண்டுத் தாள்களை ஒட்டிப் படம் உருவாக்கும் கலையைக் ‘கொலாஜ்’ என்பர். ஒட்டுதல் என்னும் பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி டெலானி என்ற அம்மையார், தமது 72ஆம் வயதில் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி மலர்களை உருவாக்கத் தொடங்கினார். பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம் மலர்களைச் செய்தார். பார்வை மங்கிய பிறகே 1782இல் அப்பணியை நிறுத்தினார். அவை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மகளின் குழப்பத்தைத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த அம்மா கவனித்தார். “ஒட்டிய படத்தின்மேல் நூலால் தைத்துப் பாரேன். பாட்டி விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார்” என்றார். வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டுக் ‘காந்தா’ விரிப்புகள் செய்வதையும் எடுத்துக்கூறினார்.

பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஆகவே, பால்மரத்தையே படமாக்க மாணவி முடிவு செய்தாள். ஏ4 அளவிலான மணிலா அட்டையை இரண்டாக மடித்தாள். பழுப்பு உறையைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தாள். கிழிந்த ஓரம் மரப்பட்டையைப் போலச் சொரசொரப்பாக இருந்தது. பச்சை உறைகளிலிருந்து இலைகளை மூன்று மூன்றாக வெட்டினாள். உதிரும் இலைகளுக்குச் சிவப்பு உறை உதவியது. வெள்ளித் தாள் பால் மங்காயிற்று. பசை மிகுந்தால் தாள் சுருங்கிவிடும் என்பதால் மெல்லியதாகத் தடவி ஒட்டினாள். அது காயும்வரை அட்டையின்மேல் கனமான அகராதியை வைத்தாள்.

பிறகு தைக்கத் தொடங்கினாள். முதல் முயற்சி பிழையானது. துணியைத் தைப்பதுபோல் ஊசியை நெருக்கமாகக் குத்தியதால், அஞ்சல் தலையின் ஓரத்தைப் போலத் தாள் கிழிந்து, மரத்தின் ஒரு பகுதி கையோடு வந்துவிட்டது. அவள் கண்கள் கலங்கின. கிழிந்த இடத்தில் வேறொரு துண்டை ஒட்டினாள். இம்முறை பென்சிலால் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் இட்டாள். அட்டையை விரித்து, அதன் அடியில் மடித்த துண்டை வைத்து, முதலில் துளைகளை மட்டும் இட்டாள். ஆறு இழைகள் கொண்ட பூத்தையல் நூலைப் பிரித்து, மூன்று இழைகளை ஊசியில் கோத்தாள். மரத்தின் ஓரத்திற்கு ஓட்டுத்தையல்; பால் வழியும் கோட்டிற்கு வெள்ளை நூலில் இடைவெளி விழாத பின்தையல்.

தீபாவளி காலையில் அட்டை பாட்டியின் கைக்கு வந்தது. அவர் விரல்கள் மரப்பட்டையைத் தடவின, இலைகளை எண்ணின. வெள்ளை நூலில் வந்ததும் நின்றன.

“இது பால்கோடுதானே?” என்றார் பாட்டி. மறுகணம் சிரித்தார். “மாற்றிச் சீவிவிட்டாயே, அம்மா! இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். அப்போதுதான் பால் நன்றாக வரும்.”

மாணவிக்கு வெட்கமாக இருந்தது. செம்பனை மரங்களைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். பால்மரம் சீவுவதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று பாட்டி நெடுநேரம் பேசினார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனது, மழை வந்தால் அன்றைய பால் வீணானது எனப் பலவற்றைச் சொன்னார். கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலைக்கூட எறிந்ததில்லையாம். அதற்கும் விலை உண்டாம். இவற்றைப் பேத்தி அதற்குமுன் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மாலையில் அவள் வெள்ளை நூலைப் பிரித்தாள். பாட்டியின் விரல் காட்டிய வழியில் மீண்டும் தைத்தாள். பழைய துளைகள் மட்டும் மறையவில்லை. அதைச் சொல்லி அவள் வருந்தினாள்.

பாட்டி அந்தத் துளைகளைத் தடவிப் பார்த்தார்.

“இருக்கட்டும். தழும்பு இல்லாத பால்மரத்தை நான் பார்த்ததே இல்லை” என்றார்.