இரண்டு ஆண்டு வகுப்பில், இரண்டு ஆண்டு கடலில்

நோர்வேயில் கட்டாயக் கல்வியை முடித்த பிள்ளைகளுக்கு மேலும் மூன்று ஆண்டுகள் உயர்நிலைக் கல்வி பெறும் உரிமையை 1994ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் கொடுத்தது. தொழிற்கல்வியில் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளைப் பாடசாலையிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளை ஒரு நிறுவனத்தில் பயிலுநராகவும் கழிப்பார்கள். முடிவில் கிடைப்பது 'பாக்பிரேவ்' என்னும் தொழிற்சான்றிதழ். ஒஸ்லோவில் இதை நடத்துவது பெரிய காரியமல்ல. கரையோரச் சிற்றூர்களில்தான் சிக்கல். இரண்டு பேர் வேலை செய்யும் ஒரு தச்சுப் பட்டறை, பாடத்திட்டம் முழுவதையும் ஒரு பிள்ளைக்குப் பழக்கி, படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது.

இதற்குக் கண்ட வழி பயிற்சிப் பணிமனை. ஒரு வட்டாரத்துச் சிறு நிறுவனங்கள் சேர்ந்து தமக்குச் சொந்தமாக அதை அமைக்கின்றன. மாவட்டசபையோடு பயிற்சி ஒப்பந்தம் எழுதுவது, ஒரு பட்டறையில் கிடைக்காத வேலையைப் பழகப் பயிலுநரை இன்னொன்றுக்கு அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. நிறுவனத்துக்கு அரசு மானியம் உண்டு. பயிலுநருக்குச் சம்பளம் உண்டு. தேர்ந்த தொழிலாளியின் ஊதியத்தில் முதல் அரையாண்டுக்கு 30 சதவீதம், பிறகு 40, 50, கடைசியில் 80 என்பது வழக்கமான ஏற்பாடு. கூட்டினால் இரண்டு ஆண்டுகளில் சரியாக ஓர் ஆண்டுச் சம்பளம் வரும். அந்தக் காலத்தில் பாதி கற்றல், பாதி உழைப்பு என்று வகுத்ததன் கணக்கு அது.

ஊரும் பாடசாலையும் எவ்வளவு நெருங்க முடியும் என்பதை மீன்வளர்ப்புக் கற்கைநெறி காட்டுகிறது. நடுநோர்வேயின் ஹித்ரா, ஃப்ரேயா தீவுகளில் சால்மன் வளர்ப்பே பெருந்தொழில். அங்குள்ள குரி குன்னா உயர்நிலைப் பாடசாலையில் அது பாடமாகவும் இருக்கிறது. கற்பித்தலுக்கென்றே தனி வளர்ப்பு அனுமதி தரும் முறையும் நாட்டில் உண்டு. கூண்டின் விளிம்பில் நிற்கும் பதினேழு வயது மாணவி, மயக்கமருந்து கலந்த தொட்டியில் மீனைக் கிடத்தி, தோலில் ஒட்டிய பேன்களை ஒவ்வொன்றாக எண்ணுவாள். முதிர்ந்த பெண் பேன் மீன் ஒன்றுக்குச் சராசரி 0.5ஐத் தாண்டக்கூடாது, வசந்தகால வாரங்களில் எல்லை இன்னும் இறுக்கம். அவள் எண்ணிக்கை பிழைத்தால் கரைச்சல் பண்ணைக்கு. கரும்பலகை இந்தப் பொறுப்பைக் கற்றுத்தராது.

எல்லா ஊருக்கும் இந்த வசதி வாய்க்கவில்லை. விரும்பிய கற்கைநெறி தொலைவில் இருந்தால் பதினாறு வயதிலேயே வீட்டைவிட்டு வாடகை அறைக்குப் போகவேண்டும். வீடு 40 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் அரச உதவித்தொகை கிடைக்கும்; இருட்டு நீளும் வடக்கத்திக் குளிர்காலத்தில் தனியே சமைத்து உண்ணும் பிள்ளைக்கு அது பாதித் துணைதான். பயிலுநர் இடமே கிடைக்காதவருக்கு மாவட்டசபை பாடசாலையிலேயே மூன்றாம் ஆண்டை நடத்துகிறது. வேலைத்தளத்துப் பழக்கத்துக்கு அது ஈடாகாது.

தமிழருக்கு இந்தக் கரை புதிதல்ல. 1980களில் வடகோடி மாவட்டமான பின்மார்க்கின் மீன்பதனிடும் ஆலைகளில் இலங்கைத் தமிழர் பலர் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிள்ளைகளின் படிப்பைக் காரணம் காட்டிப் பல குடும்பங்கள் பின்னர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தன. படிப்பு என்றால் மருத்துவமும் பொறியியலும். ஈரத் தரையில் நின்று வளர்த்த பெற்றோருக்குத் தொழிற்கல்வி அதே ஈரத் தரையாகவே தெரிந்தது. அதில் நியாயமும் உண்டு, தகவல் குறைவும் உண்டு. பாக்பிரேவ் பெற்றவர் சில பொறியியல் பட்டப்படிப்புகளில் நேரே சேர வழியிருக்கிறது. ஓராண்டு பொதுப்பாடம் படித்தால் பல்கலைக்கழக வாசலும் திறக்கும்.

பயிலுநராக இருந்திராத வளர்ந்தவர்களுக்கும் அதே சான்றிதழ் உண்டு. ஒரு தொழிலில் ஐந்து ஆண்டு அனுபவத்தைக் காட்டி, எழுத்துத் தேர்வில் தேறினால், செய்முறைத் தேர்வுக்கு அமரலாம். அங்கே பாடசாலைப் பிள்ளையைப் போலவே வேலையைத் திட்டமிட்டு, செய்து காட்டி, செய்த விதத்தை விளக்கவேண்டும். எதிரே இருந்து மதிப்பிடுபவர்கள் அந்தத் தொழிலைச் செய்தவர்கள்.