விடுமுறையில் ஒரு வேலை

சித்திரை வெயில் ஏறிப் பள்ளிக்கூடங்கள் கதவடைத்துவிட்டால், இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: "பையனை இரண்டு மாதத்துக்கு எங்கே விடுவது?" ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி இந்தக் கவலை எழுவதில்லை. அவன் தாயின் காலைச் சுற்றியே கிடப்பான். பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பருவந்தான் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுப்பது. குரல் உடையத் தொடங்கிவிட்டது. மார்க்கக் கடமைகள் தோளில் ஏறும் காலம் நெருங்கிவிட்டது. கையிலோ வேலை ஒன்றும் இல்லை.

வட சென்னையில் இக்காலத்துக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. மீனினம் பெருகும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்துக் கிடக்கும். ஆனால் படகுக்காரர் உறங்குவதில்லை. பலகையைப் பழுது பார்ப்பார், சாயம் பூசுவார், கிழிந்த வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருப்பார். ஏறக்குறைய அதே நாள்களில்தான் நம் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. அந்த நாள்களை எதற்காகச் செலவிடுவது என்பதில் படகுக்காரருக்கு உள்ள தெளிவு நமக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவன் ஒருவனின் தாயார் நம்மைக் காண வந்தார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். மூத்தவனுக்கு வயது பதின்மூன்று. "ஹஜ்ரத், திருவொற்றியூர்லே லேத்துப் பட்டறைக்காரர் ஒருத்தர் நாளைக்கு இருநூறு ரூபாய் தர்றேங்கிறார். லீவு முடியிற வரைக்கும் போகட்டும்னு நினைக்கிறேன். துஆ செய்யுங்க" என்றார். அவர் கேட்டது யோசனை அன்று, துஆ மட்டுமே. இரண்டு மாதக் கூலியை அவர் முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தார். அதில் ஒன்பதாம் வகுப்பின் நோட்டுப் புத்தகம் இருந்தது, சீருடை இருந்தது, வீட்டு வாடகை பாக்கியும் இருந்தது.

அவருக்கு நாம் சொன்ன முதல் செய்தி நாட்டின் சட்டம் பற்றியது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ ஆபத்தான பிற பணியிலோ அமர்த்தலாகாது என்பது நம் அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, அவ்வயதினரைப் பட்டறையிலும் கடையிலும் கூலிக்கு வைப்பதே குற்றமாயிற்று. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களுக்கும் ஆபத்தான தொழில்கள் மூடப்பட்டவையே. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, வீட்டில் உறங்கியவர்களே மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓட நேர்ந்ததைக் கண்ட நமக்கு, அந்த விதியின் நியாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் நம் போன்ற குடும்பங்களுக்கு அச்சட்டம் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், அவர்களின் உடன்பிறந்தோரான மாமன், சிற்றப்பன், அத்தை, சின்னம்மா ஆகியோர் நடத்தும் ஆபத்தில்லாத தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறை நாள்களிலும் பிள்ளை உதவியாக இருக்கலாம்.

"சட்டம் இருக்கட்டும் ஹஜ்ரத், மார்க்கம் என்ன சொல்லுது?" என்று அந்தத் தாயார் கேட்டார். நல்ல கேள்வி. உஹதுப் போருக்குப் புறப்பட்ட வேளையில் இப்னு உமர் (ரலி) பதினான்கு வயதுச் சிறுவராகத் தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு முன்வந்து நின்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. பின்னர் அகழ்ப் போரின்போது பதினைந்து வயதில் வந்து நின்றபோது அனுமதித்தார்கள். பிற்காலத்தில் இச்செய்தியைக் கேட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், சிறுவருக்கும் பெரியவருக்கும் இடையேயான எல்லை இதுவே என்று தம் ஆளுநர்களுக்கு எழுதினார்கள். அச்சிறுவரிடம் ஆர்வம் குறைவாக இருக்கவில்லை; ஈமானும் குறைவாக இருக்கவில்லை. அவ்வளவு இருந்தும் "இன்னும் காலம் வரவில்லை" என்று திருப்பி அனுப்பும் பொறுப்பு பெரியவர்களுக்கு இருந்தது.

இதனால் பிள்ளைகள் வேலை செய்வதே இழிவு என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். அண்ணலார் (ஸல்) அவர்களே மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்கள். தாவூத் நபி (அலை) தம் கையுழைப்பில் உண்டார்கள். ஸக்கரிய்யா நபி (அலை) தச்சராக இருந்தார்கள். அனஸ் (ரலி) பத்து வயதில் பெருமானாரின் பணிவிடைக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தார்கள். அத்தனை ஆண்டுகளிலும் "சீ" என்ற ஒரு சொல்லையோ, "இதை ஏன் செய்தாய்" என்ற ஒரு கேள்வியையோ தாம் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஒரு சிறுவனை வேலைக்கு விடும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் நமக்குத் தேவையில்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் சிறுவர்கள் காதில் விழும் சொற்களை அறிந்தவர்கள் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கட்டும்.

அதே கோடையில் அதே தெருவிலிருந்து வேறொரு பையன் வேறொரு பட்டறைக்குச் சென்றான். அவன் வீட்டார் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தது, அவன் திரும்பவில்லை. அவன் சோம்பேறியும் அல்லன், படிப்பில் மட்டமானவனும் அல்லன். இரண்டு மாதம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கூலி மூன்றாம் மாதம் நின்றுபோவதை அந்தக் குடும்பத்தால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இவ்விடத்தில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் இளமை பற்றிச் சொல்லப்படும் வரலாறு நினைவுக்கு வருகிறது. தந்தையை இழந்த ஏழைச் சிறுவரான அவரை, அன்னையார் ஒரு சலவைத் தொழிலாளியிடம் வேலைக்கு விட்டிருந்தார். சிறுவரோ வேலையை விட்டுவிட்டு இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடத்தில் போய் அமர்வார். அன்னையார் வந்து கையைப் பிடித்து இழுத்துச் செல்வார். இமாம் அவர்கள் அந்தத் தாய்க்கு உபதேசம் செய்ததோடு நின்றுவிடவில்லை. சிறுவரின் செலவுக்குத் தம் பையிலிருந்து பணம் கொடுத்துவந்தார்கள். அச்சிறுவர்தாம் பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக விளங்கி, வரியியல் பற்றிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை இயற்றியவர். வண்ணாரப்பேட்டை என்றே ஓர் ஊரை வைத்துக்கொண்டிருக்கும் நாம் இந்த வரலாற்றை எளிதில் மறக்கலாகாது.

ஆகவே அந்தத் தாயாரிடம் "அனுப்பாதீர்கள்" என்று சொல்வதற்கு முன், பன்னிரண்டாயிரம் ரூபாயைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியிருந்தது. சுபுஹுத் தொழுகைக்குத் தவறாமல் வரும் நால்வரிடம் கேட்டோம். வாடகை பாக்கியை ஒருவர் ஏற்றார். சீருடையை மற்றொருவர் ஏற்றார். மீதியைத் தம் ஜகாத்திலிருந்து இருவர் கொடுத்தனர். பையனின் தாய்மாமன் மண்ணடியில் எழுதுபொருள் கடை நடத்துபவர். காலை பத்து முதல் ஒரு மணி வரை பையன் அங்கே இருக்க ஒப்புக்கொண்டார். சரக்கை எண்ணி அடுக்குவது, பில் எழுதுவது, மாலைக் கணக்கு நேராகாவிட்டால் பிழை எங்கே என்று தேடுவது ஆகியவை அவன் வேலை. கணக்குப் பாடத்தில் தயங்கிய பையனுக்குச் சில்லறைக் கணக்கு பிடிபட்டுவிட்டது. மாமன் கூலி தரவில்லை; ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நோட்டுகளைக் கட்டிக் கொடுத்தார்.

அசருக்குப் பின் அவன் நம்மிடம் வருவான். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) பெருமானாரின் கட்டளைப்படி யூதர்களின் எழுத்தைப் பதினைந்தே நாளில் கற்ற செய்தியைச் சொன்னோம். "நானும் பதினைந்து நாளில் கற்கிறேன்" என்றான். அரபுத்தமிழைத் தொடங்கி வைத்தோம். குர்ஆன் ஓதத் தெரிந்தவனுக்கு, தமிழின் ஓசைகளுக்காகச் சேர்க்கப்பட்ட சில எழுத்துகளே புதியவை. பதினைந்து நாள் போதவில்லை. இருபத்திரண்டாம் நாள், தன் பாட்டியாரின் பெட்டியில் கிடந்த பழைய கிதாபு ஒன்றை எடுத்துவந்து தட்டுத்தடுமாறிப் படித்தான். கண்பார்வை மங்கிய அந்த மூதாட்டி அதன்பின் இரவுதோறும் அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. விடுமுறை என்றால் அவர்களுக்கு அடுக்களை என்பது எழுதாத விதி. புதுவண்ணாரப்பேட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். கேரம் பலகைக்கு மைதானம் வேண்டியதில்லை. வாசல் திண்ணை போதும். ஆனால் ஆட வா என்று மகளையும் அழைக்கும் தந்தை ஒருவர் வேண்டும்.

வசதியுள்ள வீடுகளின் துன்பம் வேறு. அங்கே பிள்ளை கைப்பேசியோடு படுத்துக் கிடக்கிறான். அவனுக்கும் காட்ட இவ்வூரில் இடங்கள் உண்டு. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் புறப்பட்ட இராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது. பின்னாளில் டயர்களால் பெயர்பெற்ற எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்து தொடங்கியதுதான். 2021 முதல் விம்கோ நகரிலிருந்தே மெட்ரோ இரயில் ஓடுகிறது. சென்ட்ரலில் மாறி ஏறினால் எழும்பூர் அருங்காட்சியகமும் கன்னிமாரா நூலகமும் எட்டும் தொலைவே.

நாம் மஹல்லா ஜமாஅத்தார்களை வேண்டுவது ஒன்றே. கோடைகாலத் தீனியாத் வகுப்புக்குப் பெயர் எழுதும் அதே நோட்டில் இன்னொரு பக்கமும் ஒதுக்குங்கள். இந்தக் கோடையில் கூலிக்குப் போக இருக்கும் பிள்ளைகள் யார், அவர்கள் வீட்டில் குறைவது எவ்வளவு, அவர்களின் உறவினரில் கடை வைத்திருப்போர் எவர் என்று அதில் எழுதுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வெள்ளியன்று, ஜும்ஆவுக்குப் பின், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு பெயரையும் விசாரியுங்கள். வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு நல்லுதவி புரிவானாக.