அரைக்கண்

ஆறாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் என்மேல் எறிந்த சாக்பீஸ்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு டப்பா தேறும். நான் தூங்கியதே இல்லை. இடது கண்ணின் மேலிமை பிறவியிலேயே பாதி இறங்கியிருக்கும், அவ்வளவுதான். "சார், அவன் கண்ணே அப்படித்தான் சார்" என்று சாட்சி சொல்வதற்காகவே பக்கத்தில் எப்போதும் ஒரு நண்பனை வைத்துக்கொள்வேன். விருதுநகரில் என் பெயர் அரைக்கண்.

வீட்டில் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். நான் வயிற்றில் இருந்தபோது, கிரகணத்தன்று அம்மா கொல்லைப் பக்கம் போனாளாம். அப்பத்தா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. எனக்கு ஐந்து வயதில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். "அவசரமில்ல, பெரியவனானதும் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன" என்றார் அப்பா. அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்றே எல்லோரும் நினைத்தோம். இடது கண்ணில் பார்வை மங்கல்தான். ஆனால் அது இமை மறைப்பதால் என்பது என் கணக்கு. திரையைத் தூக்கினால் வெளிச்சம் வந்துவிடப் போகிறது.

வீடியோ மீட்டிங்குகளில் "டயர்டா இருக்கீங்களா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், முப்பத்து நான்காவது வயதில் மதுரையில் ஒரு கண் மருத்துவரைப் பார்த்தேன். இதற்கு டோசிஸ் என்று பெயர் (ஆங்கிலத்தில் முன்னால் ஒரு 'பி' உண்டு, சத்தம் வராது). முதலில் ஒரு நிமிடம் மேலேயே பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க இமை தளர்ந்து இறங்கினால் அது வேறு வியாதியாம். பிறகு கட்டைவிரலால் என் புருவத்தை எலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, இமையோரம் ஒரு ஸ்கேலை வைத்து, "கீழ பாருங்க, இப்ப மேல பாருங்க" என்றார். கண் திறக்கவில்லை. அதாவது, இத்தனை வருடமாக நான் கண்ணை நெற்றியால் திறந்துகொண்டிருந்திருக்கிறேன். மோவாயைத் தூக்கிப் பார்ப்பதும் அதனால்தான். அதைத் திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. பல வருடமாக ப்ரொடக்ஷனில் ஓடும் ஒர்க்-அரவுண்டை யாரும் பக் என்று சொல்வதில்லை.

இமையை உயர்த்தும் தசை 6 மில்லிமீட்டர் நகர்ந்தது. சாதாரணமாக 12-க்கு மேல் இருக்க வேண்டும். 4-ஐத் தாண்டாவிட்டால் தொடையிலிருந்து எடுத்த திசுவாலோ சிலிகான் இழையாலோ இமையை நெற்றித் தசையோடு கட்டிவிடுவார்களாம். எனக்குத் தசையைச் சுருக்கித் தைத்தால் போதும்.

அதன்பிறகு அவர் விரலால் என் இமையைத் தூக்கிப் பிடித்து, எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வரியோடு நின்றுவிட்டது. கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் நகரவில்லை.

"இமையத் தூக்கினாலும் இவ்வளவுதான் தெரியும்" என்றார். இறங்கிய இமை பாவையை மறைக்கலாம். மறைக்காவிட்டாலும், கருவிழியின் வளைவைக் கோணலாக்கிவிடலாம். சின்ன வயதில் ஒரு கண் மங்கலான படத்தையே அனுப்பினால், மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிட்டு மற்றதை வைத்துக் காலம் தள்ளும். சோம்பேறிக் கண் என்பார்கள். அப்போதே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிவைத்துப் பழக்கியிருந்தால் பெரும்பாலும் தேற்றியிருக்கலாம். பாவை மூடியிருந்தால் கைக்குழந்தை என்றும் பார்க்காமல் ஆபரேஷன் செய்வார்களாம். "முப்பத்து நாலுல..." என்று நிறுத்திக்கொண்டார். சோம்பேறி என்று அந்தக் கண்ணுக்குப் பெயர் வைத்தவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. யாரும் அதற்கு வேலையே கொடுக்கவில்லையே.

இருந்தும் செய்துகொண்டேன். மரத்துப்போக இமையில் ஊசி போடும் அந்த ஒரு நொடிதான் மோசம். மற்றபடி விழித்தபடியே கிடந்தேன். லேசான கருகல் வாடை மட்டும் வந்தது. பாதியில் என்னை எழுப்பி உட்காரவைத்துக் கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு தையலை அவிழ்த்து மறுபடி போட்டார் டாக்டர். தையற்கடையில் தோள்பட்டை சரிபார்க்க நிற்பது போல இருந்தது.

இப்போது தூங்கும்போது இடது கண் முழுதாக மூடுவதில்லை. முதல் வாரம் மனைவி அலறிவிட்டாள். ராத்திரி களிம்பு, பகலில் சொட்டு மருந்து. புருவம் மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

தையல் பிரித்தபின் ஊருக்குப் போனேன். அம்மா என் முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுபோல ஆயிருச்சுய்யா" என்றாள். "இப்ப நல்லாத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

நம்பவில்லை. உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினாள். வெங்காய வாசனை. விரல்களைக் காட்டி எத்தனை என்றாள். கிட்டத்தில் இருந்ததால் சரியாகச் சொன்னேன்.

"அந்தா, காலண்டர்ல என்ன தேதி?"

எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம், நடுவில் கருப்பாக ஏதோ. அம்மா விடிந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழித்துவிடுவாள், ஒருநாளும் மறந்ததில்லை.

"பதினாலு" என்றேன்.