மொழி வரும்வரை பாடம் நிற்காமல்

சுவீடனில் புதிதாகக் குடியேறிய பிள்ளை பள்ளியில் சேர்ந்தால், இரண்டு மாதங்களுக்குள் அதன் மொழியறிவையும் முன்படிப்பையும் பள்ளி அறிந்துகொள்ள வேண்டும். 2016 ஜனவரி முதல் இது சட்டம். முந்தைய ஆண்டில் மட்டும் அந்நாட்டில் தஞ்சம் கேட்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 70,000 பேர் சிறார்கள்.

இந்தக் கணிப்பு பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியிலேயே நடக்கிறது. தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரும் உடனிருப்பார். முதலில் பிள்ளையோடும் பெற்றோரோடும் பேச்சு: எங்கே படித்தது, எவ்வளவு காலம் படிப்பு நின்றுபோனது, வீட்டில் என்ன மொழி. அடுத்து வாசிப்பும் எழுத்தும் எண்ணறிவும். எந்த வகுப்பில் சேர்ப்பது என்பது அதன் பிறகே முடிவாகும். அவசரப்பட்டு இதைச் சடங்காக முடித்துவிடும் பள்ளிகளில், அல்ஜீப்ரா தெரிந்த பிள்ளை மாதக்கணக்கில் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க நேரும்.

கணக்கிலேயே ஓர் உதாரணம். சுவீடனில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள். இரண்டரையை 2,5 என்று எழுதுவார்கள். ஆயிரங்களைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துவிட்டு வரும் பிள்ளை 1,250 என்பதை ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று வாசிக்கும். வகுப்பு ஆசிரியருக்கோ அது ஒன்றேகால். விடை தப்பாகும், கணக்கு வராத பிள்ளை என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு எழுத்துமுறைகளும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் சில நிமிடங்களில் தீரும் சிக்கல் இது.

அப்படி ஒருவரை அமர்த்தவே, பாடத்தைத் தாய்மொழியில் விளக்கும் 'பாட வழிகாட்டல்' என்ற ஏற்பாடு இருக்கிறது. சுவீடிஷ் குறைவால் பாடத்தில் பின்தங்கக்கூடிய பிள்ளைக்கு இது உரிமை. குடியேறிய பிள்ளைக்குப் பள்ளி செய்யும் உதவிகளில் இதுவே முதன்மையானது. வகுப்பு நடக்கும்போது காதோரம் முணுமுணுப்பதைவிட, முன்கூட்டியே பாடத்தின் கருத்தைச் சொல்லிவைப்பது நல்ல பலன் தரும். ஒளிச்சேர்க்கை என்றால் என்னவென்று தமிழிலோ அரபியிலோ சோமாலியிலோ புரிந்துகொண்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அங்கே கற்க வேண்டியது சுவீடிஷ் சொற்கள் மட்டுமே. இதற்கு வகுப்பு ஆசிரியர் அடுத்த வாரப் பாடத்தை வழிகாட்டியின் கையில் முன்னதாகவே கொடுக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் அறுந்துபோகும் கண்ணி இதுதான். வழிகாட்டி கிடைக்காத சிற்றூர்களுக்காக, 2015 முதல் இணையவழியில் நடத்தவும் அனுமதி உண்டு.

தொடக்கத்தில் சில பிள்ளைகள் புதிதாக வந்தவர்களுக்கெனத் தனியே நடக்கும் தயாரிப்பு வகுப்பில் படிப்பார்கள்; அதற்கு உச்ச வரம்பு இரண்டு ஆண்டுகள். ஆனால் விளையாட்டு, ஓவியம், கணிதம் போன்றவற்றில் கூடிய சீக்கிரம் பொது வகுப்புக்குப் போவதே நல்லது. தனி அறையில் சகவயதினரின் பேச்சு காதில் விழாது.

பேச்சு ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். பாடநூல் மொழிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். அதற்கு முன்பே, 1976இல், சுவீடனில் குடியேறிய ஃபின்னியப் பிள்ளைகளை ஸ்குட்நாப்-காங்காஸும் தோவுகோமாவும் ஆராய்ந்தார்கள். மிகச் சிறு வயதில் வந்தவர்களைவிட, தாய்மொழியில் சில ஆண்டுகள் படித்துவிட்டுப் பத்து வயதளவில் வந்தவர்கள் சுவீடிஷிலும் மேலாக இருந்ததைக் கண்டார்கள். சரளமாகப் பேசுகிறதே என்று உதவியை நிறுத்திவிடுவது ஆகவே பெரும் தவறு.

தாய்மொழி வகுப்பு 1977 சீர்திருத்தத்தின் பயன். ஒரு நகராட்சியில் ஒரே மொழிக்குக் குறைந்தது ஐந்து பிள்ளைகளும் தகுந்த ஆசிரியரும் இருந்தால் அதை நடத்தியாக வேண்டும். தமிழும் அவ்வாறு கற்பிக்கப்படுகிறது. பெரும்பாலும் பள்ளி நேரம் முடிந்த பிறகு நடப்பதால், களைத்த பிள்ளைகளை உட்காரவைப்பது ஆசிரியருக்குப் பெரும்பாடு. இரண்டாம் மொழியாகச் சுவீடிஷ் என்பது 1995 முதல் தனிப் பாடம். அதன் மதிப்பெண் வழக்கமான சுவீடிஷ் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படும்.

மிகக் கடினமான நிலை பதினைந்து, பதினாறு வயதில் வருபவர்களுடையது. மேல்நிலைத் தொழிற்பிரிவில் சேரவே சுவீடிஷ், ஆங்கிலம், கணிதம் உட்பட எட்டுப் பாடங்களில் தேர்ச்சி வேண்டும். அது இல்லாதவர்களுக்கு மொழி அறிமுகப் பிரிவு உண்டு. மேல்நிலையில் சேரும் வாய்ப்போ 20 வயதாகும் ஆண்டின் முதல் பாதியோடு முடிந்துவிடும். அந்தச் சில ஆண்டுகளில் வேதியியலையும் வரலாற்றையும் தாய்மொழித் துணையோடு தொடர்பவர்களுக்கே சுவீடிஷையும் பாடங்களையும் எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.